பெந்தெகொஸ்தே திருச்சபை (கானா)

பெந்தெகொஸ்தே திருச்சபை மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிறித்தவ சபையாகும். கானாவின் மிகப் பெரிய சீர்திருத்தச் சபைகளுள் ஒன்றான இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள் உள்ளன. பரிசுத்த ஆவியின் அபிடேகம், அந்நிய பாஷையில் பேசுதல், செபத்தால் நோய் குணமாதல் ஆகியவற்றில் இச்சபையார் நம்பிக்கை கொண்டவர்கள்.

தோற்றம்

இச்சபையின் வேர் பீட்டர் அனிம் என்பவர் தொடங்கிய செபக்குழுவில் உள்ளது. பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த அனிம், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சமயப் பத்திரிகையைப் படித்து, செபத்தால் குணமடையலாம் என்னும் கொள்கையால் ஈர்க்கப்பட்டார். 1921-இல் நரம்புச் சிலந்தி நோயும் வயிற்று நோயும் செபத்தால் தமக்கு நீங்கியதாக அவர் நம்பினார். அவரைப் பின்பற்றியோர் எவ்வகை மருந்தையும் உட்கொள்வதில்லை.

1935-இல் இக்குழு பிரித்தானியாவின் அப்போஸ்தலச் சபையுடன் இணைந்தது. அச்சபை அனுப்பிய ஜேம்ஸ் மெக்கியோன் 1937-இல் அசமான்கேசி என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

மருந்தால் வந்த பிளவு

வந்த சில மாதங்களில் மெக்கியோனை மலேரியா தாக்கியது. அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெற்றார். இது அனிமின் குழுவினருக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. செபம் செய்யும் போதகரே மருந்தை நாடலாமா என்று அவர்கள் கேட்டனர். மலேரியாப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டு. புதிதாக வரும் ஐரோப்பியருக்கு அது இல்லை. செபத்தில் நம்பிக்கை வைத்திருந்த மெக்கியோன், மருந்து அதற்கு முரணானது என்று கருதவில்லை. கருத்து வேறுபாடு முற்றி, 1939-இல் அனிமின் பிரிவினர் தனியே சென்றனர். அவர்களுடைய சபை பின்னர் கிறிஸ்து அப்போஸ்தலச் சபை எனப் பெயர் பெற்றது.

தனிச்சபையாதல்

1953-இல் தாய்ச்சபையின் அமைப்பு விதிகளை ஏற்க மறுத்ததால் மெக்கியோன் நீக்கப்பட்டார். உள்ளூர் சபையினரில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றனர். இரு தரப்புக்கும் இடையே சொத்து வழக்குகள் எழுந்தன. நாடு விடுதலை பெற்ற பின் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ருமா தலையிட்டு இணக்கம் ஏற்படுத்தினார். 1962-இல் சபை இன்றைய பெயரை ஏற்றது.

உள்ளூர் மொழியில் வழிபாடு, உள்ளூர்ப் போதகர்கள், உள்ளூர்க் காணிக்கை ஆகிய மூன்றையும் மெக்கியோன் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தினார். ஊர்ச் சபைகளை ஊதியம் பெறாத மூப்பர்கள் நடத்துகின்றனர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் சிற்றூர்களிலும் சபை பரவியதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1982-இல் மெக்கியோன் ஓய்வு பெற்றதிலிருந்து கானா நாட்டினரே தலைவர்களாக இருந்து வருகின்றனர்.

சமூகப் பணி

சபை பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் நடத்துகிறது. அக்ராவின் மதினா பகுதியில் உள்ள மருத்துவமனை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அக்ராவை அடுத்த சோவுட்டூமில் 2003-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 2020-இல் பட்டயம் பெற்று முழுப் பல்கலைக்கழகமானது.

கானாவின் சிறைகளில் நெரிசல் நெடுநாளைய சிக்கல். அதைக் குறைக்கும் பொருட்டு, சபை தன் செலவில் எஜுராவில் முகாம் சிறை ஒன்றைக் கட்டி, 2021-இல் சிறைத்துறையிடம் ஒப்படைத்தது. கைதிகள் தொழில் கற்றுத் திருந்தி வெளியேற வேண்டும் என்பது இத்திட்டத்தின் நோக்கம்.

2020-இல் கொரோனா பரவியபோது, கொமோவா ஃபெட்டேயில் உள்ள தன் மாநாட்டு வளாகத்தை நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் மையமாகப் பயன்படுத்த அரசிடம் வழங்கியது. ஆயிரக்கணக்கானோர் கூடிச் செபிக்கும் அந்த இடம் மருத்துவர்களின் பொறுப்பில் விடப்பட்டது. மருந்தா, செபமா என்ற கேள்வியால் பிளவுபட்ட ஓர் இயக்கம், எண்பது ஆண்டுகளில் இரண்டுக்கும் இடம் கொடுக்கக் கற்றுக்கொண்டதை இந்நிகழ்வு காட்டுகிறது.