மூன்று முறை மறுக்கப்பட்ட நடிகர்

பிரெஞ்சு நாடக மேடையைப் பற்றிப் பேசுவோர் லூயி ஜூவேயை விட்டுவிட்டுப் பேசுதல் இயலாது. 1887-இல் பிரித்தனிப் பகுதியின் குரோசோன் என்னும் ஊரில் பிறந்த இவர், மருந்தாக்கக் கல்வி பயின்றார். உள்ளமோ நாடகத்தையே நாடிற்று. பாரிசின் அரசு நாடகக் கல்லூரியில் சேர மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் தேர்வாளர்கள் அவரை ஏற்கவில்லை.

1913-இல் ஜாக் கொப்போ தொடங்கிய அரங்கில் நடிகராகவும், மேடைப் பொறுப்பாளராகவும், ஒளியமைப்பாளராகவும் உழைத்தார். பெரும்புகழ் தந்தது, 1923-இல் மேடையேறிய ஜூல் ரோமேனின் 'க்னாக்' நாடகம். நலமாயிருக்கும் ஊராரையெல்லாம் நோயாளிகளென நம்பவைத்துப் படுக்கையில் கிடத்தும் ஒரு மருத்துவனின் கதை அது. மருந்தாக்கம் பயின்றவர் அவ்வேடம் பூண்டது சுவையான பொருத்தமே! அரங்கில் பணமுடை தோன்றியபோதெல்லாம் ஜூவே இந்நாடகத்தையே நாடினார். 1928 முதல் ஜிரோதுவின் நாடகங்களையும் அரங்கேற்றினார். 'ஹோட்டல் து நோர்' (1938) முதலிய திரைப்படங்களில் அவர் புகழ் பரவிற்று எனினும், திரையில் ஈட்டிய பொருள் பெரும்பாலும் மேடைக்கே சென்றது.

1934-இல், முன்பு கதவடைத்த அதே கல்லூரி அவரை ஆசிரியராக அமர்த்திற்று! 1940-இல் அவர் நடத்திய பாடங்கள் சுருக்கெழுத்தில் பதிவாயின. மோலியேரின் 'டான் ஜுவான்' நாடகத்தில், தன்னைக் கைவிட்டவனிடம் எல்வீர் இறுதியாக வந்து, திருந்துமாறு வேண்டும் காட்சி. ஒரு மாணவியை அதனை மீண்டும் மீண்டும் நடிக்கச் செய்தார். சொல் திருத்தமாயிருந்தும் உணர்வு எழவில்லை என்பதே ஆசிரியரின் குறை. பிப்ரவரியில் தொடங்கிய அப்பயிற்சி செப்டம்பர் வரை நீண்டது. இடையே, ஜூனில், ஜெர்மானியப் படை பாரிசுக்குள் புகுந்தது. அவ்வாண்டிறுதியில் மாணவி முதற்பரிசு பெற்றார். ஆனால் யூதர் என்பதால், ஆக்கிரமிப்புக் காலம் முடியும்வரை மேடையேற அவருக்குத் தடை. உணர்வு கைகூடியபோது அரங்கம் கைகூடவில்லை. அப்பாடங்களே 1986-இல் ஒரு நாடகமாக மேடையேறின.

ஜூவேயும் 1941-இல் தம் குழுவுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். தென் அமெரிக்க நாடுகளில் அலைந்து நாடகம் நடத்தி, 1945-இல் திரும்பினார். ஜிரோது அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற 'ஷையோவின் பித்தி' நாடகத்தை அவ்வாண்டு டிசம்பரில் ஜூவே மேடையேற்றினார்.

1951 ஆகஸ்டில், தாம் நடத்திவந்த அத்தேனே அரங்கில் ஒத்திகையின்போது மாரடைப்பு கண்டது. இரண்டு நாள் கழித்து, 16-ஆம் தேதி, அரங்கிலேயே உயிர் நீத்தார். அவ்வரங்கு இன்று அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.