இரட்டை மாடி ரயிலில் இரண்டு ராத்திரி

அமெரிக்காவில் தூரத்து ஊருக்குப் போவதென்றால் ஒன்று விமானம், இல்லாவிட்டால் கார். ரயில் என்றதுமே, "ஐயோ, ரெண்டு நாளா! கைக்குழந்தையை வெச்சுக்கிட்டா?" என்று அங்கிருக்கும் நம்மவர்கள் வாயைப் பிளந்தார்கள். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 'சௌத்வெஸ்ட் சீஃப்' என்ற வண்டி தினமும் ஓடுகிறது. ஏறத்தாழ 2,265 மைல். 43 மணி நேரத்துப் பயணம்.

மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி, அவர் முன்னாலேயே போய்விட்டார். என் பெண்ணுக்குச் சிசேரியனாகி ஐந்து மாதம். பனிக்காலம் முழுக்க மூடிய ஜன்னலுக்குள் இருந்து, அவளுக்குப் பேச்சே குறைந்து போயிருந்தது. காரணமில்லாமல் அழுவாள். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனச்சோர்வு இது, 'செல்லம் அதிகம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று டாக்டரம்மா எனக்கும் எடுத்துச் சொல்லி, மருந்தும் கொடுத்து வந்தார். அந்தச் சமயத்தில், "ரயில்ல போலாம்மா" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளாக வேண்டுமென்று கேட்டது அதுதான். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் கிடையாது. வண்டிக்கு இரண்டு மாடி. இருக்கைகள் பெரும்பாலும் மேலே, கழிப்பறைகள் கீழே; நடுவில் குறுகலான வளைந்த படி. ஓடுகிற வண்டியில் குழந்தையோடு ஏறி இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. என் முழங்கால் வலியைச் சொல்லிக் கீழ்த்தளத்திலேயே இடம் கேட்டு வாங்கினோம். முதல் ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளைக்குப் புளியோதரை. வெந்நீருக்கு ஃப்ளாஸ்க்.

மறுநாள் முற்பகல் ராட்டன் கணவாயில் வண்டி ஏறியது. ஏழாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். நம் ஊட்டியைவிடச் சற்றே உயரம். கொலராடோவில் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தால் நியூ மெக்ஸிகோ! கண்ணாடி ஜன்னல்கள் கூரைவரை வளைந்து செல்லும் பெட்டி ஒன்று உண்டு. எல்லாப் பயணிகளும் அங்கே போய் உட்காரலாம். மலை, பைன் மரம், அதற்குப் பிறகு வெறும் செம்மண், மேலே கண் கூசும் நீல வானம்.

பார்க்கக் குளுமையாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. காற்றில் ஈரம் கிடையாது. வியர்வை தெரியாமலே உடம்பில் நீர் வற்றும். உயரமும் சேர்ந்தால் தலைவலி வரலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உதட்டு வெடிப்புக்கு நம் தேங்காய் எண்ணெயே போதும்.

இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது பெண்கள் கதை. சாண்டா ஃபே ரயில் பாதை நெடுக ஃப்ரெட் ஹார்வி என்பவர் சாப்பாட்டு விடுதிகள் நடத்தினார். 1883 வாக்கில் ராட்டனில் ஆண் பணியாட்களை நீக்கிவிட்டுப் பெண்களை அமர்த்தினார். பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள், நன்னடத்தை உள்ளவர்கள் வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம். கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன். தங்க இடம், சாப்பாடு, கைச்சம்பளம். ராத்திரி குறித்த நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டும். கட்டுப்பாடு கடுமைதான். ஆனாலும் அந்தக் காலத்தில், முன்பின் தெரியாத பாலைவனத்துக்குத் தனியாக ரயிலேறி வந்து சொந்தக் காலில் நின்றார்களே! வின்ஸ்லோ ஸ்டேஷனை ஒட்டி நிற்கும், 1930-இல் திறக்கப்பட்ட 'லா போசாடா' ஹோட்டலை வடிவமைத்தவரும் ஒரு பெண்தான், மேரி கோல்ட்டர். 1957-இல் மூடப்பட்ட அது 1997-இல் மறுபடி திறக்கப்பட்டது.

இதையெல்லாம் நான் படித்துச் சொல்ல, என் பெண் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க அம்மாக்கள் எப்படிம்மா அனுப்பினாங்க?" என்றாள் திடீரென்று. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டாளே!

ஆல்புகெர்க்கியில் வண்டி வெகு நேரம் நிற்கும். இறங்கி நடந்தோம். வழியில் பியூப்ளோ மக்களின் ஊர்கள். மண்ணும் வைக்கோலும் குழைத்த செங்கல்லால் கட்டிய வீடுகள், நம் கிராமத்து மண்சுவர் போலவே. ரொட்டி சுடுவதற்கு வாசலில் கவிழ்த்த பானை மாதிரி மண் அடுப்பு வைத்திருப்பார்களாம், பெயர் 'ஓர்னோ'. கேலப் பக்கம் பொழுது சாய்ந்தபோது செம்பாறைகள் தணலாகச் சிவந்தன. குழந்தையை ஜன்னலோரம் நிறுத்தி, "பாரு கண்ணா, பாரு" என்று அவள் கைநீட்டிக் காட்டினாள்.

அரிஸோனாவின் பெரும்பகுதி இருட்டில் போய்விடுகிறது. கிராண்ட் கான்யன் பார்க்க விரும்புகிறவர்கள் ஃப்ளாக்ஸ்டாஃபில் இறங்கிக்கொள்ளலாம். பக்கத்து ஊரான வில்லியம்ஸிலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்புவரை 65 மைலுக்குத் தனி ரயிலே ஓடுகிறது.

மூன்றாம் நாள் காலை லாஸ் ஏஞ்சல்ஸ். மாப்பிள்ளை பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். குழந்தைக்குக் கை நீட்டினார். கொடுப்பதற்குள்ளேயே, "என்னங்க, ராட்டன்னு ஒரு மலை தெரியுமா?" என்று இவள் ஆரம்பித்துவிட்டாள்.