விதிவிலக்கை மூடி மறைக்கலாமா?



படிவம் 4 கணினி அறிவியலில் பிழைகளை மூன்றாகப் பிரிக்கிறோம்: தொடரியல் பிழை, இயக்க நேரப் பிழை, தருக்கப் பிழை. ‘எக்செப்ஷன்’ என்னும் விதிவிலக்கு இரண்டாவது வகையில் வரும். நிரல் சரியாகத்தான் எழுதியிருக்கும், ஓடவும் செய்யும். நடுவில் எதிர்பாராத ஒன்று வந்தா நின்னுடும்.

நமக்குத் தெரிந்த புள்ளிப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம்: 72, 65, டி.எச்., 58. டி.எச். என்றால் ‘தீடாக் ஹாடிர்’, சோதனைக்கு வரவில்லை. பைத்தான் அதை எண்ணாக மாற்றப் பார்க்கும், முடியாது. ‘வேல்யூ எரர்’ என்று சொல்லி நிற்கும்.

இதற்கு மாணவர்கள் பலர் எழுதும் தீர்வு இது:

முயற்சி செய்:
  புள்ளி = எண்ணாக மாற்று
எந்தப் பிழை வந்தாலும்:
  புள்ளி = 0

நிரல் இப்போ நிற்காது. ஆனால் சராசரி என்ன ஆகிறது? சோதனை எழுதிய மூவரின் சராசரி 65. நிரல் காட்டுவதோ 48.75. கண்ணுக்குத் தெரிந்த இயக்க நேரப் பிழையை, யாருக்கும் தெரியாத தருக்கப் பிழையாக மாற்றிவிட்டோம். வராத பிள்ளையின் பெயரில் சுழியமும் ஏறிவிடும். மாணவர் மனத்தில் பதிய வேண்டியது இதுதான்: பிடிப்பது வேறு, மறைப்பது வேறு.

சரியான வழி என்ன? பொருள்நோக்கு நிரலாக்கத்தில் விதிவிலக்கும் ஒரு பொருள்தான். அதற்கு வகுப்பு உண்டு, மரபுரிமையும் உண்டு. ‘எக்செப்ஷன்’ தாய் வகுப்பு, ‘வேல்யூ எரர்’ அதன் வழி வந்த வகுப்பு. அதே போல ‘வராதவர்’ என்று நாமே ஒரு வகுப்பை உருவாக்கலாம். டி.எச். வந்தால் அதை எழுப்பி, பிடித்த இடத்தில் பெயரைக் குறித்துக்கொண்டு, சராசரியில் சேர்க்காமல் விடலாம். ‘7ஓ’ என்று தவறாகத் தட்டியிருந்தால் அது வேல்யூ எரராகவே வெளியே வரட்டும், ஆசிரியர் திருத்தலாம். பல பிழைகளைப் பிடிக்கும்போது குறிப்பானதை முதலிலும் பொதுவானதைக் கடைசியிலும் வையுங்கள்.

இன்னொன்று நம் பிள்ளைகளுக்கே உரியது. மாணவர் பெயரில் கோப்பு உருவாக்கினால் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யில் உள்ள சாய்கோட்டைக் கணினி கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு கோப்புறை இல்லாததால் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்’ வரும். பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்கப் பழக்குங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

பிடிக்காமலேயே விட்டுவிடுவதும் ஆபத்துதான். 4 ஜூன் 1996இல் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பி ஏறக்குறைய 40 விநாடிகளில் சிதறியது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் மாற்றியபோது எழுந்த விதிவிலக்கைச் சமாளிக்க அங்கே நிரல் இல்லை.

வகுப்பில் செய்ய ஒரு நடவடிக்கை: மேலே உள்ள நான்கு பதிவுகளைக் கொடுத்து, ஜோடியாக இரண்டு நிரல்களையும் ஓடவிடச் சொல்லுங்கள். 65ஆ, 48.75ஆ என்று அவர்களே வாதாடட்டும். ஜாசினோ மெர்லிமாவோ, ஒரு கணினி இருந்தாலே போதும்.