மெல்லப் பழகு, பிறகு ஓடு

கொல்கத்தா நகரின் நடுவே ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அதன் பெயர் மைதான். அதன் பக்கத்தில் வில்லியம் கோட்டை இருக்கிறது. இன்று அதன் பெயர் விஜய் துர்க். நமது ராணுவத்தின் கிழக்குப் பிரிவுக்கு அதுவே தலைமையிடம்.

விடியற்காலையில் அந்தப் புல்வெளியில் பலர் ஓடுகிறார்கள். ராணுவத்திலோ போலீசிலோ சேர ஆசைப்படும் இளைஞர்களும் அங்கே ஓடுவது உண்டு.

ராணுவத்தில் சேர எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. உடல் தேர்வும் உண்டு. அக்னிபத் திட்டம் 2022-ம் ஆண்டு வந்தது. அதில் பொதுப் பணியில் சேர வரும் ஆண்கள் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். கம்பியைப் பிடித்துத் தொங்கி, 10 முறை மேலே எழும்பினால் 40 மதிப்பெண். 9 அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். பிறகு மருத்துவர்கள் உடலைச் சோதிப்பார்கள்.

இதற்கெல்லாம் ஒரு வாரத்தில் தயார் ஆகலாமா? முடியாது. ஏன்?

மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பு பழக நாள் ஆகும். திடீரென்று அதிகம் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும். புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்கும் பயிற்சியில் இப்படி நேர்வது உண்டு.

வெயிலும் ஆபத்து. கொல்கத்தாவிலும் நம் சென்னையிலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது. அதனால் உடம்பின் சூடு இறங்காது. மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

மேற்கு வங்கத்தின் பக்கத்து மாநிலம் ஜார்க்கண்ட். அங்கே 2024-ம் ஆண்டு கலால் துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. அந்தத் தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். வேலை தேடிப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் தேர்வுக்குப் போகிறதா? சில மாதங்களுக்கு முன்பே பழகச் சொல்லுங்கள். முதலில் வேகமாக நடக்கட்டும். பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம். வாரம் ஒரு நாள் ஓய்வு. கொண்டைக்கடலை, முட்டை, கீரை கொடுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். பலம் தரும் என்று யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்க வேண்டாம்.

நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிட வேண்டும். தேர்வு நாளிலும் அப்படித்தான். நின்றுவிடுவது அவமானம் இல்லை. இதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்.