லாரியின் கிளட்ச் ஏன் கருகியது?

சேலத்துக்கும் தர்மபுரிக்கும் இடையே தொப்பூர் மலைப்பாதை இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ம் எண் நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போகிறது. இரவும் பகலும் அங்கே லாரிகள்தான்.

நாமக்கல் லாரி ஒன்று சுமையோடு அந்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பாதி மேடு வந்ததும் டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். என்ஜின் அலறியது. ஆனால் லாரி வேகம் பிடிக்கவில்லை! இருந்த வேகமும் குறைந்தது. ஏதோ கருகுவது போல் நாற்றம் அடித்தது.

"போச்சு! கிளட்ச் போச்சு!" என்றார் டிரைவர்.

அவர்தான் அந்த லாரிக்குச் சொந்தக்காரர். இருப்பதே ஒரு லாரி. அதற்கு மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்புதான் புது கிளட்ச் பிளேட் போட்டிருந்தார். அதற்காக மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. இன்னும் அது திரும்பவில்லை.

பிளேட் போட்ட பட்டறையில் அவரைத் திட்டியும் அனுப்பியிருந்தார்கள். "கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டினால் இப்படித்தான் ஆகும்" என்றார்களாம்.

லாரியை வேறு வண்டியில் கட்டி இழுத்து நாமக்கல்லுக்கே கொண்டுவந்தார். இந்த முறை வேறு பட்டறை. அங்கே வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார்.

இரண்டு உள்ளங்கைகள்

கிளட்ச் என்பது என்ன? காலால் மிதிக்கிற பெடல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை நடப்பது உள்ளே.

உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நன்றாக அழுத்துங்கள். ஒரு கையைத் திருப்பினால் மறு கையும் கூடவே திரும்பும். இப்போது அழுத்தத்தைத் தளர்த்துங்கள். ஒரு கை திரும்பும். மறு கை சும்மா இருக்கும். கிளட்ச் செய்கிற வேலை இதுதான்!

என்ஜினுக்குப் பின்னால் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று சுற்றுகிறது. அதற்குப் பிளைவீல் என்று பெயர். அதை ஒட்டி வட்டமான கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெரிய லாரிகளில் அதன் குறுக்களவு சுமார் 14 அங்குலம் முதல் 17 அங்குலம் வரை இருக்கும். அதன் இரு பக்கமும் லைனிங் ஒட்டியிருக்கும். பிரஷர் பிளேட் என்ற இன்னொரு தட்டு, ஸ்பிரிங் பலத்தால் அதைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. அப்போது என்ஜினின் பலம் கியர் பாக்ஸுக்கும், அங்கிருந்து சக்கரத்துக்கும் போகிறது. பெடலை மிதித்தால் பிடி விட்டுவிடும். கியரை மாற்றிக்கொள்ளலாம்.

கிளட்ச்சை மிதிக்கவே வேண்டாத லாரிகளும் இப்போது வருகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றின் உள்ளேயும் இந்தத் தட்டு இருக்கத்தான் செய்கிறது.

கேள்விக்குப் பிறகுதான் ஸ்பேனர்

பெரியவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"எப்போ வழுக்குது தம்பி? சமத்துலயா, ஏத்தத்துலயா?"

"ஏத்தத்துலதாங்க அண்ணே. மேல் கியர்ல."

"கியர் போடுறப்போ கறகறன்னு சத்தம் வருதா?"

"இல்லைங்க. கியர் நல்லா விழுது."

இதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. கிளட்ச்சுக்கு வருகிற நோய்களில் முக்கியமானவை இரண்டு. பிடிக்க வேண்டியபோது பிடிக்காமல் வழுக்குவது ஒன்று. விட வேண்டியபோது விடாமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. வழுக்கினால் என்ஜின் அலறும், வண்டி ஓடாது. ஒட்டிக்கொண்டால் கியர் விழாது. முதல் கியரும் ரிவர்சும் கறகறவென்று அரைக்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றொன்றுக்குச் செய்தால், இருக்கிற கிளட்ச்சும் கெட்டுப்போகும்.

அடுத்து பெரியவர் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். முதலில் கொஞ்ச தூரம் லேசாக இறங்கியது, பிறகு கனமானது. அந்த லேசான தூரம் அவசியம் வேண்டும். அது இல்லாவிட்டால், நாம் மிதிக்காதபோதும் கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டே இருக்கும். பிளேட் வழுக்கித் தேயும். அளவு ஒவ்வொரு லாரிக்கும் வேறு. கம்பெனி கொடுக்கிற புத்தகத்தில் இருக்கும். இந்த ஒன்றைப் பார்க்காமலே கியர் பாக்ஸை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. சில நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடுகிறது!

இந்த லாரியில் அந்த அளவு சரியாக இருந்தது.

பிறகு ஒரு சோதனை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டார்கள். முன்னும் பின்னும் யாரும் நிற்காமல் விலகச் சொன்னார் பெரியவர். என்ஜினை ஓடவிட்டு, மேல் கியரைப் போட்டு, பெடலை மெல்ல விட்டார். நல்ல கிளட்ச்சாக இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது! உடனே பெடலை மிதித்து அணைத்துவிட்டார். இந்தச் சோதனையை ஒரு முறைதான் செய்யலாம். திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே பிளேட்டைக் கருக்கிவிடும்.

பிளேட் சொன்ன சாட்சி

கியர் பாக்ஸை இறக்கினார்கள். பையன் ஒருவன் காற்றுக் குழாயை எடுத்துவந்து உள்ளே இருந்த தூசியை ஊதப் போனான். பெரியவர் தடுத்துவிட்டார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரையில் கொண்டுவிடும். ஈரத் துணியால் துடைப்பதுதான் சரி.

பிளேட் வெளியே வந்தது. டிரைவர் பயந்துகொண்டே பார்த்தார்.

பெடல் மேல் காலை ஊன்றி ஓட்டுகிறவரின் பிளேட் எப்படி இருக்கும்? லைனிங் தேய்ந்து தேய்ந்து, ஆணித் தலை வெளியே தெரியும். கிளட்ச் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கால்தான் காரணம். மேட்டில் வண்டி நிற்கும்போது பிரேக் போடாமல், கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தே வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பதும் இதில் சேர்ந்ததுதான்.

ஆனால் இந்த பிளேட்டில் லைனிங் கனமாக இருந்தது! ஆணிகள் ஆழத்தில் இருந்தன. லைனிங் மட்டும் கறுத்து, கண்ணாடி போல் பளபளத்தது.

பெரியவர் விரலால் தேய்த்து முகர்ந்தார். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். அதற்கு ஒரு கெட்ட வாடை உண்டு. இது அப்படி இல்லை. கறுப்பாக, நீர்த்து இருந்தது. என்ஜின் ஆயில்!

என்ஜினுக்குப் பின்புறம் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது கிழிந்து, ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து பிளேட்டின் மேல் தெறித்திருக்கிறது. எண்ணெய்க் கையால் எண்ணெய்க் கையைப் பிடித்தால் நிற்குமா? வழுக்கியது. வழுக்கியதால் சூடேறியது. சூடேறியதால் கருகியது.

"உங்க கால் மேல தப்பு இல்லை தம்பி" என்றார் பெரியவர்.

போன பட்டறையில் பிளேட்டை மாற்றினார்கள், சீலைப் பார்க்கவில்லை. புது பிளேட்டும் அதே ஆயிலில் நனைந்தது. பிளேட்டோடு ஒப்பிட்டால் அந்த சீலின் விலை மிகச் சிறியது.

"பெட்ரோலில் கழுவி இதையே போட முடியாதுங்களா அண்ணே?" என்று கேட்டார் டிரைவர். பாவம், அவர் கவலை அவருக்கு! முடியாது. லைனிங் ஆயிலைக் குடித்துவிட்டால் மேலே கழுவிப் பயனில்லை. சூடேறியதும் உள்ளே இருப்பது வெளியே கசியும்.

மற்ற அறிகுறிகள்

ஒட்டிக்கொள்கிற நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முழுவதும் மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும். அரைத்தால் பிளேட் முழுவதும் விடவில்லை என்று அர்த்தம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் ஆயில் கிண்ணம். ஆயில் குறைந்தாலோ, குழாயில் காற்றுப் புகுந்தாலோ, மிதித்த மிதி உள்ளே போய்ச் சேராது. பெடல் கல் மாதிரி கனத்தால், காற்று பூஸ்டர் உள்ள லாரிகளில் காற்றுக் கசிவைப் பார்க்க வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் அநேகமாக ரிலீஸ் பேரிங் போயிருக்கும். மிதிக்காதபோது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றுவிட்டால் அது கிளட்ச் நோயே அல்ல. கியர் பாக்ஸின் முன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் நல்ல கிளட்ச்சைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

புறப்படும்போது வண்டி உதறினால் பிளேட் கோணியிருக்கலாம், ஆயில் பட்டிருக்கலாம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருந்தாலும் உதறும்.

இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து. மிதித்ததும் என்ஜினின் பிடி போய்விடும். முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். தொப்பூர் போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் பிறகு அது பிடிக்காது. கீழ் கியரில் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்க வேண்டும்.

மறுநாள் மாலை லாரி தயாராகிவிட்டது. புது சீல், புது பிளேட். பிளைவீலையும் சுத்தமாகத் துடைத்து, சூட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டினார்கள்.

டிரைவர் பணத்தைக் கொடுத்தார். பிறகு அந்தப் பழைய பிளேட்டை ஒரு சாக்கில் சுற்றி, இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"போன பட்டறையில காட்டணுங்க அண்ணே" என்றார் டிரைவர்.