காதைத் தீட்டிக்கொள்ளும் மூளை

மாலையில் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போனால் சத்தம்தான் முதலில் வரவேற்கும். ஒரு கடையில் சினிமாப் பாட்டு, பக்கத்துக் கடையில் பக்திப் பாட்டு, நடுவே தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்த பேச்சு. பிறையிலிருந்து கிளம்பி, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி வந்த ஓர் அம்மா புடவை விலை கேட்கிறார். அத்தனை இரைச்சலிலும் கடைக்காரர் சொன்ன ரிங்கிட் கணக்கு அவர் காதில் பிசகாமல் விழுகிறது. எப்படி?

1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சு. ஒன்றை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். மற்றக் காதில் என்ன பேசினார்கள் என்று கேட்டபோது, ஆண் குரலா பெண் குரலா என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கவனம் எப்படி வேலை செய்கிறது என்று காதுக்குள் போய்ப் பார்ப்போம். உள்காதில் நத்தைக் கூடு போன்ற சுருளுக்குள் இரண்டு வகை மயிரணுக்கள் உண்டு. சுமார் 3,500 உள்மயிரணுக்கள் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. சுமார் 12,000 வெளிமயிரணுக்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. இந்த வெளிமயிரணுக்களுக்கு மூளையிலிருந்தே நரம்புகள் இறங்கி வருகின்றன. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி மூளையிடமும் இருக்கிறது.

2012இல் சான்பிரான்சிஸ்கோவில், அறுவைச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளுக்கு ஆய்வாளர்கள் இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். மூளையில் பதிவான அலைகள், அவர்கள் கவனித்த குரலையே பெரிதும் ஒத்திருந்தன.

உடம்பும் கூடவே உழைக்கிறது. புதிய ஒலி கேட்டதும் இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது. பேச்சு புரியச் சிரமப்பட்டால் கண்மணி விரிகிறது. பூனை காதைத் திருப்புவதுபோல் நம்மால் திருப்ப முடியாது. ஆனாலும் ஒலி வரும் பக்கத்துக் காதுத் தசைகளில் மெல்லிய மின்துடிப்பு எழுவதை 2020இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ‘காதைத் தீட்டிக்கொண்டு கேள்’ என்று பெரியவர்கள் சொல்வது உடம்பறிந்த உண்மை.

இவ்வளவு உழைப்பை இரண்டு பேச்சுக்கு ஒரே நேரத்தில் கொடுக்க மூளையால் முடியாது. கைப்பேசியில் ஒரு காணொளியைக் கேட்டுக்கொண்டே பிள்ளைக்கு ‘ம்’ கொட்டினால், அந்தப் பிள்ளையின் குரல் செர்ரியின் சோதனையில் மற்றக் காதுக்குப் போன குரலாகிவிடும். குரல் கேட்கும், சொன்னது நிற்காது. பள்ளிவிட்டு வந்த பிள்ளை வாய் திறக்கும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.