இரும்பும் மக்கள் நம்பிக்கையும்

கொச்சி நகரின் பழைய பகுதியாகிய மட்டாஞ்சேரியில், காயற்கரையை அடுத்து ஓர் அரண்மனை உள்ளது. போர்ச்சுகீசியர் இதனைக் கட்டி, ஏறத்தாழ 1555-ஆம் ஆண்டில் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்தனர். பின்னர் டச்சுக்காரர் இதனைப் பழுது பார்த்தமையால் டச்சு அரண்மனை என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இதன் முற்றத்தில் கொச்சி அரச குடும்பத்தின் குலதெய்வமாகிய பழையனூர் பகவதிக்குக் கோயில் அமைந்திருக்கிறது.

கேரளத்தின் பகவதி வழிபாட்டில், சிறப்பாகப் பத்ரகாளி வழிபாட்டில், வாளுக்குத் தனியிடம் உண்டு. அரிவாள் போல் வளைந்து, சிறு சலங்கைகள் கோக்கப்பெற்ற பள்ளிவாளை ஏந்தியே வெளிச்சப்பாடு என்னும் தெய்வவாக்கு உரைப்போர் அருள்வாக்குச் சொல்லுவர். சில காவுகளில் வாளே தெய்வத்தின் உருவமாக வைத்து வணங்கப்படுகிறது. தமிழ்நாட்டிலும் நிலைமை இதுவே. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு அடியவர்கள் அரிவாள் செலுத்துகின்றனர். கிராம தேவதைகளின் முன்னே இரும்புச் சூலமும் வேலும் ஊன்றப்படுகின்றன. வீடுகளிலோ, பிள்ளை பெற்றவளின் படுக்கையருகே இரும்புத் துண்டு வைப்பதும், கறிச்சோறு எடுத்துச் செல்லும்போது அதன்மேல் கரியும் இரும்பாணியும் வைப்பதும் நாம் அறிந்தவையே.

இவ்வழக்கங்களை மூடநம்பிக்கை என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு ஒதுக்கும் ஆசிரியரின் பேச்சையும் களப்பணியாளரின் பேச்சையும் மக்கள் செவிமடுப்பதில்லை. இவற்றுள் தீங்கற்றவை எவை, உயிருக்கு ஊறு விளைவிப்பவை எவை எனப் பிரித்தறிதல் வேண்டும்.

ஆணி அறையப்பட்ட மரம்

மட்டாஞ்சேரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் சோற்றானிக்கரை பகவதி கோயில் உள்ளது. இங்கே கீழ்க்காவில் எழுந்தருளியுள்ள பத்ரகாளிக்கு இரவில் குருதி பூசை நடைபெறுகிறது. பேய் பிடித்தவர்கள் எனக் கருதப்படுவோர் இங்கு அழைத்துவரப்படுகின்றனர். காவின் அருகேயுள்ள மரத்தில் எண்ணற்ற இரும்பாணிகள் அறையப்பட்டிருப்பதைக் காணலாம். ஆணியோடு அந்த ஆவியும் மரத்தில் கட்டுண்டுவிடும் என்பது நம்பிக்கை. சிலர் தம் நெற்றியாலேயே ஆணியை மோதி இறக்குவதும் உண்டு.

இந்நம்பிக்கை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. எறணாகுளம் மாவட்டத்துக் கடமற்றம் தேவாலயத்தின் பாதிரியாராகிய கத்தனாரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் ஒரு யட்சியின் தலையில் இரும்பாணியை அறைந்து அவளைச் சாதாரணப் பெண்ணாக்கினார் என்றும், பின்னொரு நாள் பேன் பார்த்த முதியவள் ஆணியைக் கண்டு பிடுங்கிவிடவே யட்சி மீண்டும் தன் உருக்கொண்டாள் என்றும் கூறுவர். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ஐதிஹ்யமாலையில் இக்கதை இடம்பெற்றுள்ளது.

இது கேரளத்திற்கு மட்டும் உரியதுமன்று. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரின் நடுவே, நூற்றுக்கணக்கான ஆணிகள் அறையப்பட்ட பழைய மரத்தண்டு ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1533-ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதி மக்கள் சத்தியம் செய்யும்போதும் உடன்படிக்கை செய்யும்போதும் மரப்பதுமையில் ஆணி அறைந்தனர். கல்லறையிலிருந்து பிடுங்கிய ஆணியை வாயிலில் அறைந்தால் இராக்காலத் துர்த்தோற்றங்கள் அணுகா என்னும் நம்பிக்கையை, ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன்பே உரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்துள்ளார்.

இரும்புக்கு இப்பெருமை வந்த காரணம்

செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகும். இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். அக்காலத்து உலைகள் பலவற்றில் இரும்பு நீராக உருகவில்லை. கசடு கலந்த நுரைக்கட்டியாகவே கிடைத்தது. கொல்லர் அதனை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கசடு நீக்கினர். மண்ணிலிருந்து தோண்டிய கல், நெருப்பில் புகுந்து, காட்டை வெட்டும் கருவியாகவும் நிலத்தைக் கீறும் கொழுவாகவும் வெளிவருவதைக் கண்டவர்கள் அதனிடம் ஓர் ஆற்றல் இருப்பதாக எண்ணியதில் வியப்பில்லை. உலைத்தொழில் பரவுமுன் இரும்பு வானத்திலிருந்து வீழ்ந்த கற்களிலிருந்தும் கிடைத்தது. எகிப்திய மன்னர் துத்தன்காமனின் கல்லறையிலிருந்த குறுவாள் விண்கல் இரும்பாலானது என்பது 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று.

நம் நாட்டிலும் இறந்தோருடன் இரும்பை வைத்துப் புதைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் தாழிகளோடு இரும்பு ஆயுதங்கள் மிகுதியாகக் கிடைத்தன. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்துப் போர்க்களத்தில் 1948-ஆம் ஆண்டு நடந்த அகழாய்விலும் ஈமச்சின்னங்களில் இரும்புப் பொருள்கள் காணப்பட்டன. சிவகளையில் இரும்புடன் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்தது. எனவே, வாயிலில் அறையப்படும் ஆணிக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. அது அடையாளமாக நிற்கும் வரையில் யாருக்கும் தீங்கில்லை. அதனை மதித்துக் குறித்து வைப்பதே நம் கடமை.

வலிப்பும் சாவியும்

இரும்பு மருந்தின் இடத்தைப் பிடிக்கும்போதுதான் இடர் தோன்றுகிறது. பள்ளியிலோ சந்தையிலோ ஒருவருக்கு வலிப்புக் கண்டால், கூடியிருப்போர் இரும்புச் சாவியைத் தேடி அவர் கையில் திணிக்கின்றனர். சிறிது நேரத்தில் வலிப்பு நின்றுவிடுகிறது. சாவிதான் நிறுத்தியது என அனைவரும் கண்ணாரக் கண்டதாகவே எண்ணுகின்றனர்.

உண்மை யாதெனில், வலிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். சாவியைத் தேடிக் கொண்டுவரவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகிறது. மூளையின் நரம்பணுக்களில் ஒருங்கே எழும் மின்னதிர்வை உள்ளங்கையிலுள்ள இரும்பு தடுக்காது. அந்த நிமிடங்களில் செய்யவேண்டியவை வேறு. நோயாளியைச் சுற்றியுள்ள கூரிய பொருள்களை அகற்றவேண்டும். ஆடையின் இறுக்கத்தைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். வாயில் எதையும் திணித்தலும் தண்ணீர் ஊற்றுதலும் கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். முறையான மருந்து உட்கொண்டால் வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும். சாவியை நம்பியிருக்கும் குடும்பம் இம்மருந்தைத் தேடாமலே இருந்துவிடுகிறது.

காயமும் துருவும்

கொடுங்கல்லூரில் மீனப் பரணி விழாவில் வெளிச்சப்பாடுகள் பள்ளிவாளால் தம் தலையில் வெட்டிக்கொள்கின்றனர். காயத்தில் மஞ்சள்தூள் அப்பப்படுகிறது. இத்தகைய காயங்களில் இரணஜன்னி என்னும் வியாதிக்கு இடமுண்டு. துருப்பிடித்த இரும்பே இவ்வியாதியைத் தருகிறது என்பது பொதுவான எண்ணம், அது சரியன்று. ஜப்பானிய விஞ்ஞானி கிடசாட்டோ 1889-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்த ஒரு கிருமியே இதற்குக் காரணம். அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் நிறைந்துள்ளன. பிராணவாயு புகாத ஆழ்ந்த காயத்தில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. துருவின் சொரசொரப்பில் அழுக்கு தங்குவதால் இரும்பு பழியேற்கிறது. பளபளக்கும் கத்தியாலும் இவ்வியாதி வரக்கூடும் என்பதை மக்களுக்கு எடுத்துரைக்கவேண்டும். காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதலே காப்பாகும்.

முற்காலத்தில் தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடி அறுக்கப்பட்டு எண்ணற்ற சிசுக்கள் மடிந்தன. தாய்மார்களுக்குத் தடுப்பூசி போட்டும், தூய்மையான பிரசவ முறைகளைப் பரப்பியும் இந்நிலை மாற்றப்பட்டது. தாய்சேய் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதென 2015-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அதாவது, எம்மாவட்டத்திலும் 1,000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காணப்படுகிறது. குழந்தையின் தலைமாட்டில் இரும்பு வைப்பதை யாரும் தடுக்கவில்லை. கொடியை அறுக்கும் இரும்பு மட்டும் தூய்மையாயிற்று. களப்பணிக்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

சங்கிலி

ஆவியை ஆணியால் கட்டலாம் என்னும் எண்ணம், சில இடங்களில் நோயாளியையே சங்கிலியால் கட்டுவதற்கு வழிகோலியது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. இரும்புச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுதல் கூடாதென 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் சிகிச்சை பெறலாம். 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். கோயிலுக்கோ தர்காவுக்கோ செல்வோரைத் தடுக்கவேண்டியதில்லை. மருந்தையும் உடன்கொள்ளுமாறு கூறினால் பெரும்பாலோர் இசைவர்.

ஆசிரியர்கள் மாணவரிடம், தத்தம் வீட்டிலும் ஊரிலும் இரும்பு எவ்வெவ்வாறு பயன்படுகிறது என எழுதிவரச் சொல்லலாம். வந்த பட்டியலை அடையாளமாக வைப்பவை, உடலைத் தீண்டுபவை, மனிதரைக் கட்டுபவை என மூன்றாக வகுக்கச் செய்யலாம். முதல் வகையில் பாட்டியின் கதைகள் சேரும், அவற்றைப் போற்றுவோம். இரண்டாம் வகை காணப்படும் வீட்டிற்குச் சுகாதார ஊழியர் ஒருமுறை சென்று வரவேண்டும். மூன்றாம் வகையில் ஒரு வரி இருப்பினும் அன்றே உரியவர்களுக்கு அறிவித்தல் வேண்டும்.